ஏழாவது ஃபாரம்

"யாரைக் கேட்டுப் பிரிச்சீங்கம்மா?"

விஷயம் கேட்டு ஓடிவந்த பேராசிரியர் போட்ட சத்தத்தில் நூலகர் எழுந்தே நின்றுவிட்டார். பைண்டர் அக்கா அசையவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இந்த நூலகத்துப் புத்தகங்களைத் தைப்பவள். சத்தத்துக்குப் பயந்தால் கை நடுங்கும். கை நடுங்கினால் தையல் கோணும்.

மேஜைமேல் அந்தப் பழைய தத்துவ நூல். முதன்முதலாக அச்சேறிய பதிப்பு. உலகத்தில் மிஞ்சியது இந்த ஒரே பிரதி. பிற்பாடு அச்சடித்தவர்கள் எல்லாரும் இதைப் பார்த்துத்தான் அடித்தார்கள்.

"முதுகு விட்டுப்போச்சுன்னு தைக்க வந்துச்சு சார். தைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஃபாரமா எண்ணுவேன். ஒரு பெரிய தாளை மடிச்சா ஒரு ஃபாரம், பதினாறு பக்கம். ஏழாவதுல பதினாலுதான் இருந்துச்சு."

"அது அச்சகத்துக்காரன் பக்க எண்ணைக் கோட்டை விட்டது! நூத்தி மூணுக்கு அப்புறம் நூத்தி ஆறு. என் புத்தகத்துல அடிக்குறிப்பே போட்டிருக்கேன்."

"எண்ணைக் கோட்டை விடலாம் சார். தாளையுமா விடுவான்? தடவிப் பார்த்தேன். ஒரு தாள் மட்டும் தடிமனா இருந்துச்சு. ரெண்டு தாள், பசை பட்டு ஒட்டிக்கிட்டிருக்கு. ஆவி காட்டிப் பிரிச்சேன். ஒரு எழுத்து சேதாரமில்ல."

பேராசிரியர் வாங்கிப் படித்தார். முகம் சுண்டிப்போனது.

போகாதா பின்னே? 'மனிதன் ஒருபோதும் மாறமாட்டான்' என்பதுதான் அந்த ஞானியின் முடிவு என்று நாற்பது வருஷமாக வகுப்பெடுத்தவர். தலையணை கனத்துக்கு எழுதிப் பேர் வாங்கியவர். நூற்று மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியும் அதேதான். ஆனால் ஒட்டிக்கிடந்த பக்கம் இப்படித் தொடங்கியது: 'என்று வாதிடுவோர் உளர். அவர் கூற்று பிழை.'

"நாளைக்குச் சாயங்காலம் உங்க புத்தகம்... ஒன்பதாம் பதிப்பு வெளியீடு..." என்று நூலகர் இழுத்தார்.

"தெரியும்யா! இதை உள்ளே வச்சுப் பூட்டு. சாவி என்கிட்ட இருக்கட்டும். ரெண்டு பேரும் வெளியில மூச்சு விடக்கூடாது."

நூலகக் குழுவின் தலைவரும் அவர்தான். சாவி கைமாறியது.

வாசல்வரை போனவர் திரும்பினார். "இந்தாம்மா, உங்க பேர் என்ன? இனிஷியலோட, எழுத்துப் பிழை இல்லாம எழுதிக் குடுங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார். அவள் எழுதிக் கொடுத்தாள்.

அவர் தலை மறைந்ததுமே நூலகர் பிடித்துக்கொண்டார். "புகார் எழுதத்தான் கேட்கறார். வேலைக்கே வேட்டு வச்சுக்கிட்டீங்களே அக்கா! ஒட்டினது ஒட்டினபடியே கிடக்கட்டும்னு விட்டிருக்கலாம்ல?"

"ரெண்டு பக்கம் குறையுதுன்னு தெரிஞ்சும் தைக்கச் சொல்றீங்களா தம்பி? அப்புறம் நான் என்ன பைண்டர்?"

"இனிமே அந்தப் பக்கத்தை யாரு பார்க்கப் போறா? சாவியே அவர்கிட்ட."

"பூட்டிக்கட்டும். ரெண்டு பக்கத்தையும் மனப்பாடம் பண்ணிட்டேன்."

மறுநாள் அரங்கம் நிரம்பி வழிந்தது. அக்கா கடைசி வரிசையில், விரலில் பசை காய்ந்தபடி உட்கார்ந்திருந்தாள். வேலை போவதானால் போகட்டும். அவர் மறுபடியும் 'மனிதன் மாறமாட்டான்' என்று ஆரம்பித்தால், எழுந்து நின்று அந்த இரண்டு பக்கத்தையும் ஒப்பித்துவிடுவது என்று முடிவு கட்டியிருந்தாள்.

பேராசிரியர் மைக்கைப் பிடித்தார்.

"ஒன்பதாம் பதிப்பு வராது. நாற்பது வருஷமா உங்களுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்."

அவரே தொடர்ந்தார்.

"எண் தாவுறது என் கண்ணுலயும் பட்டுச்சு. அச்சகத்துக்காரன் தலையில பழியைப் போட்டுட்டுப் போயிட்டேன். ஒரே ஒரு ஆளு மட்டும்தான் தாளைத் தொட்டுப் பார்த்திருக்காங்க. நேத்தே சொல்லியிருப்பேன். ஆனா நம்ம ஆட்களைத் தெரியும்ல? ராத்திரிக்குள்ள ஒன்பது பேர் 'நான்தான் கண்டுபிடிச்சேன்'னு கிளம்பியிருப்பாங்க! அதான், அச்சுல ஏத்தி எடுத்துட்டு வந்துட்டேன்."

வரிசை வரிசையாக ஒரு தாள் கைமாறி வந்தது. எழுந்து நிற்பதற்காகக் காலைத் தரையில் ஊன்றியிருந்த அக்கா, உட்கார்ந்தபடியே வாங்கிப் பார்த்தாள். காணாமல் போயிருந்த இரண்டு பக்கங்களும் வரி பிசகாமல் இருந்தன.

அடியில், 'கண்டுபிடித்தவர்' என்று போட்டு, அவள் பெயர். இனிஷியலோடு, எழுத்துப் பிழை இல்லாமல்.