தண்ணீரில் கண்டம்

"சார், மறுபடியும் அடிச்சிட்டீங்களே!"

செய்தி ஆசிரியர் நிமிரவில்லை. சிவப்புப் பேனா அடுத்த வரிக்குப் போயிருந்தது.

"வெள்ளம்னா தண்ணி. இறுதி ஊர்வலத்துல ஏதும்மா தண்ணி?"

"மக்கள் வெள்ளம்னு எல்லாரும் சொல்றதுதானே சார்? நியூஸ் ஏஜென்சியே ஃப்ளட்னுதான் அனுப்பியிருக்கான்."

"அவன் அனுப்புவான். நீ கூட்டம்னு போடு."

அந்த வானொலி நிலையத்துக்கு, ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் வேலைக்கு அவள் புதிதாக வந்திருந்தாள். வேலை நிரந்தரமாவது இவர் சொல்லும் நல்ல வார்த்தையில் இருந்தது. இதுவரை அவள் எழுதிய வாழ்த்து வெள்ளம் வெறும் வாழ்த்தாகிவிட்டது. விளையாட்டு மைதானத்தின் ஒளி வெள்ளம், பெரிய விளக்குகள். ஒரு நடிகையின் கண்ணீர் வெள்ளத்தைக்கூட 'அழுதார்' என்று வற்றவைத்துவிட்டார்.

"அவருக்குத் தண்ணியில கண்டமாம், விடு," என்று ஒலிப்பதிவாளர் கண்ணடித்தார்.

மதியச் செய்திக்குக் கொஞ்ச நேரமே இருக்கும்போது ஏஜென்சியிலிருந்து அவசரத் தகவல் வந்தது. மலைப்பக்கம் விடாத மழை. ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஒரு நகரத்துக்குள் புகுந்துவிட்டது.

அவள் மளமளவென்று தமிழில் எழுதி, தாளை அவர் முன்னால் வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இதுல நிஜத் தண்ணியே இருக்கு சார். இதையும் அடிப்பீங்களா?"

ஒலிப்பதிவாளர் இருமுவதுபோலச் சிரித்தார்.

செய்தி ஆசிரியர் படித்தார். பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார். ஒரு சொல்லையும் தொடவில்லை.

"நல்லா வந்திருக்கும்மா."

மற்றத் தாள்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு எழுந்தார். செய்தி வாசிக்கும் அக்கா ஸ்டூடியோ வாசலில் தயாராக நின்றிருந்தார்.

"இன்னிக்கு நான் வாசிக்கறேன். நீங்க போய் டீ குடிங்க. உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கு."

"எனக்கா? நல்லாத்தானே இருக்கு?"

"எனக்குக் கேக்குதே," என்று உள்ளே போய்விட்டார்.

"பெரிய செய்தின்னதும் மனுஷனுக்கு மைக் ஆசை வந்திடுச்சு," என்றார் ஒலிப்பதிவாளர், பின்னாலேயே போய்க்கொண்டு. "குரலைப் பாரு! தகர டப்பாவுல கல்லைப் போட்டு ஆட்டின மாதிரி."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீ போடும் சின்ன அறைக்கு அக்காவின் பின்னாலேயே போனாள்.

"அக்கா, வாங்க, ரெண்டு பேருமா ஸ்டேஷன் டைரக்டர்கிட்ட போவோம். என்னை ஒரு வரி ஒழுங்கா எழுத விடமாட்டேங்கறார். இப்ப உங்க வாயையும் அடைச்சிட்டார்."

அக்கா சிரித்தார்.

"விடு, பாவம். ஒரு நாள் வாசிச்சிட்டுப் போகட்டும். மைக் முன்னால மறுபடி உக்காருவேன்னு நானே நினைக்கல. இவர்தான் கூப்பிட்டு உக்கார வெச்சார்."

"ஏன்க்கா, என்ன ஆச்சு?"

அக்கா கெட்டிலில் தண்ணீர் பிடித்தார்.

"நாங்க முன்னாடி இருந்த ஊர்ல ஆத்துத் தண்ணி உள்ள வந்துச்சு. எங்க வீடுதான் ஆத்துக்குப் பக்கம். பொண்ணு தூங்கிட்டிருந்தா."

கெட்டிலின் மூடியை அழுத்தி மூடினார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"அதுக்கப்புறம் அந்த ஒரு சொல்லு மட்டும் வாய்க்கு வராது. முன்னாடி வேலை பார்த்த ரேடியோ ஸ்டேஷன்ல ஒரு நாள் 'மக்கள்'னு வாசிச்சிட்டு, அடுத்த வார்த்தையில அப்படியே நின்னுட்டேன். என்ன பண்ணியும் வரல. அங்கயும் இவர்தான் எடிட்டர். அன்னிக்கு இவர்தான் ஓடி வந்து மீதியை வாசிச்சார். நான் வேலையை விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

அவள் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஆனா பாரேன், இங்க வந்ததுலேர்ந்து அந்தச் சொல்லு ஒரு தடவைகூடக் குறுக்க வந்ததில்ல. என் அதிர்ஷ்டம்தான்." அக்கா கோப்பைகளை அலம்பினார். "அலமாரி மேல சர்க்கரை டப்பா இருக்கும், எடு."

அலமாரிக்கு மேலே மாட்டியிருந்த ஸ்பீக்கரில் இசை முடிந்தது. தகரக் குரல் வணக்கம் சொன்னது.

அவள் எழுந்து டப்பாவை எடுத்தாள். எடுக்கும்போதே இன்னொரு கையால் ஸ்பீக்கரின் ஒலித் திருகை இடப்பக்கம் முழுக்கத் திருப்பினாள்.