காத்திருக்காத மூளை

வாடிக்கையாளர்களின் அழைப்புகளுக்குப் பதில் சொல்வதற்காகச் சுகிர்தாவின் மூளையில் கம்பெனி பொருத்திய சர்வர் யாருக்காகவும் சும்மா காத்திருக்காது. பேசுகிறவர் சற்றுத் தயங்கினாலே போதும், அவளை அடுத்த வாடிக்கையாளரிடம் இழுத்துக்கொண்டு போய்விடும். வீடு, ஆபீஸ் என்ற பேதமெல்லாம் அந்தச் சனியனுக்குக் கிடையாது.

அவள் மகள் மகிழினிக்குத் திக்குவாய்.

அன்று பள்ளியிலிருந்து உதடு கிழிந்து, ரத்தம் வழிய வந்து நின்றாள்.

"அம்மா, ஸ்கூல்ல எ... எ... என்னைய..."

அதற்குள் சுகிர்தா யாருடைய ரயில் டிக்கெட்டையோ ரத்து செய்யப் போய்விட்டாள். வரிசையாக இன்னும் பலர் பிடித்துக்கொண்டார்கள். ஒருவழியாகத் திரும்பி வந்தபோது மகளின் உதட்டில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"சொல்லுடி தங்கம், யாரு அடிச்சா?"

"ஒண்ணுமில்லம்மா, நீ வேலையைப் பாரு."

ஓர் எழுத்துகூடத் திக்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் குழந்தை நன்றாகப் பழகி வைத்திருந்தாள்.