தங்கும் காரணம்

பொலிஸ் நிலையத்து மர வாங்கின் நுனியில் உட்கார்ந்திருந்தான்.

கையில் பொலிஸ் பதிவுத் துண்டு. வடக்கிலிருந்து வந்தவர்கள் கொழும்பில் தங்க அது வேண்டும். சண்டை முடியும்வரை அதுதான் சட்டம்.

துண்டின் தவணை இன்றோடு முடிகிறது.

அதில் இரண்டு பெயர்கள். அவனுடையது. நிருபாவுடையது.

தங்கும் காரணம்: மனைவியின் பிரசவ வைத்தியம்.

நிருபா இறந்து பதினொரு நாள். ஊருக்குக் கொண்டுபோகப் பாதை இல்லை. இங்கேயே எரித்தான்.

பிள்ளை ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள். எடை ஒரு கிலோ இருநூறு. இன்னும் ஒரு மாதமாவது வைத்திருக்க வேண்டுமாம். பெயர் வைக்கவில்லை. பிறப்புப் பத்திரம் வரவில்லை. பத்திரம் இல்லாத ஒருவரைக் காரணமாக எழுத முடியாது.

காரணம் இல்லாதவனைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். போனால் திரும்பி வர முடியாது.

அருகில் அருள்நேசம். அறையை வாடகைக்கு விட்டவர். சிங்களம் தெரிந்தவர். பதிவுக்கு வீட்டுக்காரரும் வர வேண்டும்.

"தம்பி, நிருபா இன்னும் வார்ட்டில எண்டு சொல்லுவம். பாவம் என்ர தலையில கிடக்கட்டும். நீர் செத்தவீட்டு முகத்தோட இராதையும்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கூப்பிட்டார்கள். இருவரும் மேசை முன்னால் உட்கார்ந்தார்கள்.

சார்ஜன்ட் துண்டைப் புரட்டினார். சிங்களத்தில் ஏதோ கேட்டார். அருள்நேசம் சொன்னார். முத்திரையை எடுத்தவர் அப்படியே நிறுத்தி, அவனைப் பார்த்தார். மெதுவாக ஏதோ கேட்டார்.

"மனுசிக்கு இப்ப எப்பிடி எண்டு கேக்கிறார். அவற்ர மனுசியும் போன வருசம் உந்த வார்ட்டிலதானாம் கிடந்தவ."

"பரவாயில்லை" என்றான்.

அருள்நேசம் அதைச் சிங்களத்தில் சொன்னார். சார்ஜன்ட் சிரித்தார்.

முத்திரை விழுந்தது. ஒரு மாதம்.

துண்டை அவன் பக்கம் தள்ளினார்.

அவன் எழும்பவில்லை.

"காய்ச்சல் விட்டிட்டுது. நேற்றுக் கஞ்சி குடிச்சவ."

அருள்நேசம் அவன் முழங்கையைத் தொட்டார்.

"இண்டைக்குத் தானா எழும்பி யன்னலடிக்குப் போனவ."

அருள்நேசம் மொழிபெயர்க்கவில்லை.

சார்ஜன்ட் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக் காத்திருந்தார்.

"பிள்ளையைக் காட்டச் சொல்லிக் கேட்டவ" என்றான்.