ஃபியூஸ் போன யோசனை

பெற்ற அப்பாவின் பைக்கிலிருந்து ஃபியூஸைத் திருடிய மகனை நீங்கள் என்ன சொல்வீர்களோ, மந்திரி தன்னைத் தியாகி என்று சொல்லிக்கொண்டான்.

மந்திரி என்பது மனைவி வைத்த பெயர். உட்கார்ந்த இடத்திலிருந்து ஊருக்கெல்லாம் யோசனை சொல்வான். எழுந்து ஒரு துரும்பைக் கிள்ளிப்போட மாட்டான். அப்பேர்ப்பட்டவன் விடிந்தும் விடியாமலும் எழுந்து, பைக் சீட்டைத் தூக்கி, ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான் என்றால் விஷயம் சின்னதில்லை.

விஷயம் அப்பாவின் கண். காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "இனிமே வண்டி வேணாம், பக்குவமா எடுத்துச் சொல்லுங்க" என்று கண் டாக்டர் மந்திரியைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். யார் சொல்வது? தன் கண் கழுகுக் கண் என்று தெருவெல்லாம் மார்தட்டுகிற மனிதர். அந்தக் கழுகின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் பேத்தி தினமும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

அதனால்தான் இந்தத் திருட்டு.

திட்டம் அமோகமாக வேலை செய்தது. தினமும் காலையில் அப்பா வருவார். சாவியைத் திருகுவார். விளக்கு இல்லை, ஹார்ன் இல்லை, செல்ஃப் இல்லை. பெருமூச்சு விட்டுவிட்டு, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே போய்விடுவார்.

மந்திரியின் நடிப்பையும் சொல்ல வேண்டும். பைக்கைச் சுற்றி வருவான். குனிவான். காதை வைத்துக் கேட்பான். செத்த வண்டியில் என்ன கேட்குமோ, அவனுக்கே வெளிச்சம்.

"எலெக்ட்ரிக்கல் ப்ராப்ளம்ப்பா. வயரிங் மொத்தமும் மாத்தணும். பார்ட்ஸ் வர நாளாகும்."

"மெதுவா வரட்டும்ப்பா. இப்ப என்ன அவசரம்?"

இவ்வளவு சுலபமாக நம்பிவிட்டாரே என்று மந்திரிக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ராத்திரி மனைவியிடம், கிழவரை எப்படிச் சமாளித்தேன் பார்த்தாயா என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

அப்புறம் ஒரு காலையில் அவனுடைய ஸ்கூட்டர் பங்சர். ஆபீஸில் மேலதிகாரி வந்து உட்கார்ந்திருக்கிறார். அப்பா பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடப் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடலாம், சாயங்காலம் மறுபடி பிடுங்கிவிடலாம். மந்திரி ஃபியூஸை எடுத்து மாட்டினான். சாவியைத் திருகினான்.

ஒன்றும் வரவில்லை.

கழற்றி ஊதி மறுபடி மாட்டினான். ஹார்னை அமுக்கினான். வண்டி வாயே திறக்கவில்லை. இத்தனை நாளும் இல்லாத கோளாறைக் கண்டுபிடித்துச் சொன்னவனுக்கு, நிஜக் கோளாறு வந்ததும் கைகால் ஓடவில்லை.

"வயரிங் மொத்தமும் போயிருக்கும்" என்றாள் மனைவி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

தெருமுனை மெக்கானிக்கைக் கூட்டிவந்தான். மெக்கானிக் ஃபியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பேட்டரிப் பக்கம் விரலை விட்டார். கறுப்பு டேப் சுற்றிய ஒரு வயரை வெளியே இழுத்துக் காட்டினார்.

"சார், இது தானா கழண்டதில்ல. பேட்டரி வயரைக் கழட்டி, எங்கயும் படாம டேப் சுத்தி, அழகா மடக்கி வெச்சிருக்காங்க. ரோட்டுக்கு லாயக்கில்லாத பஸ்ஸை ஓரங்கட்டும்போது டெப்போல இப்படித்தான் செய்வாங்க. தெரியாம யாரும் எடுத்துட்டுப் போயிடக் கூடாதுன்னு."

மந்திரி நிமிர்ந்தான். அப்பா கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தார். வயரைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மாட்டவேண்டாம் என்று மெக்கானிக்குக்குக் கை காட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"போன மாசம் பாப்பாவை ஏத்திட்டு வரேன். குறுக்க ஒரு சைக்கிள். எனக்குத் தெரியவே இல்லடா. பாப்பா 'தாத்தா'ன்னு கத்தினாளேன்னு பிரேக் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் கழட்டிட்டேன்."

மந்திரி அப்பாவுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான். பாப்பா அன்றைக்கு வீட்டில் மூச்சே விடவில்லையே.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா."

"கழுகுக் கண்ணுன்னு ஊரெல்லாம் பீத்திட்டு, எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுச் சொல்றது? வண்டி ஓடலன்னு சொன்னா கௌரவமா இருக்கும்னு நெனச்சேன்."

"அப்ப தினமும் வந்து சாவியைத் திருகினது? பெருமூச்சு விட்டது? உங்களுக்குத்தான் ஓடாதுன்னு தெரியுமே."

அப்பா சட்டையைத் தளர்த்தி விட்டுக்கொண்டார்.

"வயரை நான் கழட்டின மறுநாள் நீ வந்து ஃபியூஸைப் புடுங்கினதை பாப்பா ஜன்னல்லேர்ந்து பார்த்துட்டு வந்து சொன்னா. வாழ்க்கையில மொதமொத நீயா எழுந்திரிச்சு ஒரு வேலை செஞ்சிருக்கே. அது வீண்னு தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிடுவியேன்னுதான்டா திருகினேன்."