இடக்கொம்பு முறிந்த மான்

தொகையைக் குறைக்க மான்களைச் சுடும் மாதத்தில் அவை பகலில் வெளியே வருவதில்லை, புதர்ப் பற்றைக்குள்ளேயே கிடக்கும். லண்டன் பூங்காவில் குப்பை பொறுக்கும் தவநாயகிக்கு இது புதிதல்ல. யாழ்ப்பாணத்தில், இராணுவச் சுற்றிவளைப்பு நாட்களில், அவளும் பற்றைக்குள் கிடந்தவள்தான்.

1991 பெப்ரவரி. செவ்வாய்க்கிழமை பூங்காவின் துவக்குக்காரர் இடக்கொம்பு முறிந்த கலைமானைச் சுட்டு வண்டியில் ஏற்றினார்கள். புதன்கிழமை மத்தியானம் அதே மான் வெட்டவெளியில் நின்றது.

"தங்கச்சி, துவக்குக்காரருக்குச் சொல்லுவமோ?" என்று கேட்டார் கூட வேலைசெய்யும் பஸ்தியாம்பிள்ளை.

"சொல்லக்கூடாது அண்ணை. ஊரிலையே நான் ஒருத்தரையும் காட்டிக்குடுக்கேல்லை."

வெள்ளிக்கிழமை பதினொரு மான்கள் நின்றன. அந்த வாரம் சுட்டதும் பதினொன்றுதான். எல்லாம் துவக்குக்காரரின் கொட்டிலையே பார்த்தபடி நின்றன. உயிருள்ளவை இன்னும் பற்றைக்குள்ளேயே கிடந்தன.

தவநாயகி குப்பைப் பையைக் கீழே வைத்தாள். நடந்துபோய், கொட்டிலைப் பார்த்தபடி அவற்றின் வரிசையில் பன்னிரண்டாவதாக நின்றாள்.