கன்னத்தில் கீறல்

"என்னங்க, இன்னிக்கும் ரத்தமா?"

கமலாம்பாள் காபியை வைத்துவிட்டுக் கணவர் முகத்தைப் பார்த்தாள். அமிர்தலிங்கத்தின் தாடையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பும் அஞ்சு பிளேடு ரேசர் அலமாரியில் தூங்கியது. அதை விட்டுவிட்டு, ஒற்றை பிளேடு வைத்துத் திருகும் பழைய மாதிரி ரேசரைப் பட்டுக்கோட்டையில் தேடி வாங்கி வந்திருந்தார் மனுஷர். அன்றிலிருந்து முகம் தினமும் ஒரு புது வரப்பு கண்டது.

"மழமழன்னு இருந்த மூஞ்சியை இப்படிக் கொத்திக்கணுமா?"

"அது தேய்ஞ்சா குப்பைக்குத்தான் போவுது. வாய்க்கால் பூரா பிளாஸ்டிக். இதுல பிளேடை மட்டும் மாத்தினா போதும்."

"வாய்க்கால் மேல திடீர்னு என்ன அக்கறை?"

அமிர்தலிங்கம் காபியை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். கிழவருக்குக் கஞ்சத்தனம் முற்றிவிட்டது என்று அவள் முடிவு கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, நடவுக்கு வரும் அம்சம் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அக்கா, நம்ம அண்ணன் அந்தப் பஞ்சநதம் வீட்டுக்குள்ள போறாரு. கையில ரேசரு. கண்ணால பார்த்தேன்."

ஒரு வரப்புத் தகராறில் அந்த வீட்டோடு பேச்சு அற்றுப்போய் வருஷக்கணக்காகிறது. போதாததற்கு ஆளுக்கொரு கழகம். கேஸ் பட்டுக்கோட்டை கோர்ட்டில் நடக்கிறது, புதன்கிழமை வாய்தா. பஞ்சநதத்துக்கோ பக்கவாதம் வந்து வலது கை விளங்கவில்லை. கை விளங்காதவனிடமா போய் வம்பு வளர்ப்பது?

கமலாம்பாள் செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

கூடத்தில் பஞ்சநதம் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கழுத்தில் துண்டு. கத்தரித்துப் போட்ட நரைத்தாடி காலடியில் கிடந்தது. முகமெல்லாம் சோப்பு நுரை. அவர் முகவாயை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி மழித்துக்கொண்டிருந்தார் அமிர்தலிங்கம்.

"வாங்கக்கா," என்றாள் பஞ்சநதத்தின் மனைவி நாகம்மாள். "சலூன்காரர் வீட்டுக்கு வரமாட்டேங்கிறார். எனக்குக் கை நடுங்குது. அண்ணன்தான் தானா வந்தாங்க."

கமலாம்பாள் கணவரைப் பார்த்தாள்.

"இவன் தாடிக்கு அந்தச் சிங்கப்பூர் ரேசர் ஆகாது, முடி அடைச்சுக்கும். இதுதான் சரி. ஆனா கை பழகணும். இவன் மூஞ்சியிலயா பழக முடியும்? அதான் என் மூஞ்சியில பழகினேன்."

பஞ்சநதம் கோணிய வாயால் மெல்லச் சொன்னார். "பேச்சைக் குறைடா. மீசை பத்திரம்."

கமலாம்பாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அப்ப கேஸை வாபஸ் வாங்கப் போறீங்களா?" என்று கணவரைக் கேட்டாள்.

"அது எதுக்கு? வரப்பு என்னுது. புதன்கிழமை விடமாட்டேன்."

அமிர்தலிங்கம் ரேசரைத் தண்ணீரில் அலசினார்.

"போன வாய்தாவுல தாடியும் கோலமுமா கோர்ட்டு வாசல்ல உட்கார்ந்திருந்தான். எவனோ ஒருத்தன் இவனைப் பரதேசின்னு நினைச்சு கையில சில்லறையைப் போட்டுட்டுப் போறான். என்னை எதிர்த்து நிக்கிறவன் கையில பிச்சை விழுந்தா, அது எனக்குத்தானே கேவலம்?"