பம்ப் அறையிலிருந்து பதில்

'நான் நல்லா இருக்கேன். பயப்படாதே.'

திரையில் வந்து விழுந்த எழுத்துகளை அந்தப் பெண் உதடசைத்து இரண்டு தடவை படித்தாள். சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. நானூறு அடி ஆழத்தில், பம்ப் அறையில் மாட்டிக்கொண்டிருந்தான் அவள் புருஷன்.

"பாத்தியாம்மா? நான்தான் சொன்னேனே!" என்றார் பின்னால் நின்ற மேனேஜர். பதினெட்டு வருஷமாகப் பம்ப் ஓட்டியவனின் பெயரை இன்றைக்குத்தான் ரிஜிஸ்டரைப் புரட்டித் தெரிந்துகொண்ட மனிதர் அவர்.

வாசல் கேட்டில் தொழிலாளர் குடும்பங்கள் கொதித்துக்கொண்டிருந்தன. போலீஸ் வந்து சேரும்வரை அவர்களை அடக்கி வைக்க, ஆள் உயிரோடு இருக்கிறான் என்று இவள் வாயாலேயே அவர்களுக்குச் சொல்ல வேண்டும். மேனேஜருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவளுக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான் கேபிள். நெட்வொர்க் வேலை பார்ப்பதால் சுரங்கத்தில் அவனுக்கு அதுதான் பெயர். அந்தப் பதிலை அடித்தது அவன்தான்.

வித்தை ஒன்றும் பெரிதில்லை. ஒரே நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு முகவரி எண் உண்டு. செய்தியைத் துண்டுதுண்டாக்கி, ஒவ்வொரு துண்டின் தலையிலும் போய்ச் சேர வேண்டிய எண்ணை எழுதி ஒயரில் விட்டால், 'அந்த எண் என்னுடையது' என்று எது சொல்கிறதோ அங்கே போய் இறங்கும். உண்மையான ஆள்தானா என்றெல்லாம் ஒயர் விசாரிக்காது.

பம்ப் அறைக் கம்ப்யூட்டர் காலை ஒன்பது மணிக்கே வாயை மூடிவிட்டது. ஷிப்ட் இன்ஜினீயர்கள் நீர்மட்டத்தை அடித்து மேலே அனுப்புவது அதில்தான். கேபிள் அறுபது தடவை கூப்பிட்டுப் பார்த்தான். ஒரு தடவைகூடப் பதில் இல்லை.

"பாவம் சார் இது" என்று அவன் சொல்லிப் பார்க்காமல் இல்லை.

"ரெண்டு மணி நேரம் ஓட்டுடா, போதும். கேட்டை உடைச்சுட்டு உள்ள வந்தாங்கன்னா நீயும் வீடு போய்ச் சேர மாட்டே, நானும் போய்ச் சேர மாட்டேன்" என்றார் மேனேஜர்.

பம்ப் அறைக் கம்ப்யூட்டரின் எண்ணை எடுத்துத் தன் லேப்டாப்புக்கு வைத்துக்கொண்டான். செத்தவன் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்ட மாதிரி உடம்பு கூசியது.

அவள் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள்.

'நீங்களேவா அடிக்கிறீங்க?'

கையில் அடிபட்டிருக்குமோ என்று பயப்படுகிறாள், பாவம். 'ஆமா, நானேதான். கையில காயம் எதுவும் இல்ல' என்று அனுப்பினான்.

'பக்கத்துல வேற யாராவது இருக்காங்களா?'

கேபிள் யோசித்தான். இன்னொருவன் இருப்பதாகச் சொன்னால் யாரென்று கேட்பாள். அப்புறம் அந்த வீட்டு ஆட்களும் அலறிக்கொண்டு ஓடி வருவார்கள். சொன்ன பொய்யே போதும் என்று தோன்றியது.

'யாரும் இல்ல. நான் மட்டும்தான்.'

அவள் விரல் அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடி வழியே அவனுக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. அது மெல்லக் குனிந்தது. நிம்மதியில் குனிகிறாள் என்று நினைத்தான். ஒரு பெண்ணின் வயிற்றில் இரண்டு மணி நேரம் பால் வார்த்தோம், அதுவும் புண்ணியம்தானே என்று தனக்குத்தானே சமாதானம்கூடச் சொல்லிக்கொண்டான்.

அவள் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"போதுமாம்மா? வெளிய நிக்கறவங்ககிட்ட நீயே ஒரு வார்த்தை சொல்லிடு" என்றார் மேனேஜர்.

அவள் நகரவில்லை. "உடம்பை எப்ப சார் குடுப்பீங்க?" என்றாள்.

மேனேஜருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னம்மா பேச்சு இது? நீ கேட்டதுக்கெல்லாம் இப்பத்தானே அவரே பதில் அடிச்சாரு?"

"அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது சார்."